ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தினாலும் ரீபூட் செய்ததும் பழைய பெயரே வருகிறது

ஆயர் ஈத்தாம், பினாங்கு:
வணக்கம். டியூஷன் சென்டர் சர்வரில் உபுண்டு 22.04 லினக்ஸின் கிளவுட் இமேஜ் (தயார் நிலையிலுள்ள நிறுவல் நகல்) கொண்டு ஒரு விர்ச்சுவல் மெஷின் அமைத்து, அதையே 5 முறை குளோன் செய்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் 'மாஸ்டர்' என்றே பெயர். ஹோஸ்ட்நேம்சிடிஎல் (கணினிப் பெயரை மாற்றும் கட்டளை) மூலம் லேப்-01, லேப்-02 என்று மாற்றினேன். இப்போது சூடோ (நிர்வாகி உரிமையுடன் இயக்கும் கட்டளை) போட்டால் அந்தப் பெயரை அறிய முடியவில்லை என்ற எச்சரிக்கை, அதோடு சில விநாடித் தாமதம். ஹோஸ்ட்ஸ் கோப்பை (பெயர்களுக்கு உரிய ஐபி முகவரிகளின் பட்டியல்) திருத்தினால் சரியாகிறது, ரீபூட்டுக்குப் பின் திருத்தம் காணாமல் போகிறது. போதாததற்கு இரண்டு மெஷின்களுக்கு ஒரே ஐபி கிடைக்கிறது. எங்கே தவறு?

செந்தூல், கோலாலம்பூர்:
இவை தனித்தனிக் கோளாறுகள். சேர்த்துப் பார்த்தால் குழப்பம்தான்.

சூடோ தன் கணினியின் பெயருக்கு ஐபி தேடுகிறது. ஹோஸ்ட்நேம்சிடிஎல் ஈடிசி அடைவிலுள்ள ஹோஸ்ட்நேம் கோப்பை மட்டுமே மாற்றும், ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தொடாது. அதனால் தேடல் டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி சொல்லும் நெட்வொர்க் சேவை) வரை போய்க் காத்திருக்கிறது. 127.0.1.1 வரியில் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். 127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட் வரியில் கை வைக்காதீர்கள். இனி பெயர் மாற்றும்போது, முதலில் இந்த வரியில் பழையதோடு புதுப் பெயரையும் சேர்த்து, அதன் பிறகு பெயரை மாற்றினால் எச்சரிக்கையே வராது.

திருத்தம் அழிவதற்குக் காரணம் கிளவுட்-இனிட், அதாவது கிளவுட் இமேஜைப் பூட் ஆகும்போது அமைக்கும் நிரல். ஹோஸ்ட்ஸ் கோப்பின் தலைப்பகுதியைப் படியுங்கள், மேனேஜ்_ஈடிசி_ஹோஸ்ட்ஸ் என்ற அமைப்பு ட்ரூ என்று இருப்பதாக அங்கேயே எழுதியிருக்கும். ஒவ்வொரு பூட்டிலும் அது கோப்பைப் புதிதாக எழுதும், அதுவும் முதலில் கொடுத்த பெயரோடு. யூசர்-டேட்டாவில் (மெஷினை உருவாக்கும்போது கொடுத்த அமைப்புகள்) அந்த மதிப்பு இருந்தால் அங்கேயே மாற்ற வேண்டும், கிளவுட்.சிஎஃப்ஜி கோப்பில் மட்டும் மாற்றினால் யூசர்-டேட்டாதான் வெல்லும். ப்ரிசர்வ்_ஹோஸ்ட்நேம் மதிப்பையும் ட்ரூ ஆக்கிவிடுங்கள். முதல் அமைப்புக்குப் பிறகு கிளவுட்-இனிட்டே தேவையில்லை என்றால், ஈடிசியில் உள்ள கிளவுட் அடைவுக்குள் கிளவுட்-இனிட்.டிஸேபிள்ட் என்ற வெற்றுக் கோப்பை உருவாக்கினால் போதும். டியூஷன் சென்டருக்கு இதுவே நல்லது என்பேன்.

ஆயர் ஈத்தாம்:
நன்றி அண்ணே, பெயர் நிலைத்துவிட்டது. ஐபி மட்டும் இன்னும் அப்படியே. மேக் முகவரிகள் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்கள்) வேறு வேறாகத்தான் இருக்கின்றன.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்:
மேக் வேறாக இருந்தும் ஐபி ஒன்றாக வந்தால் மெஷின்-ஐடியை (ஒவ்வொரு நிறுவலுக்கும் உரிய அடையாள எண்) பாருங்கள். உபுண்டு சர்வரில் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி (நெட்வொர்க் இணைப்பைக் கவனிக்கும் சேவை) ரவுட்டரிடம் ஐபி கேட்கும்போது மேக் முகவரியை அடையாளமாகச் சொல்வதில்லை, மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்கிய எண்ணைச் சொல்கிறது. குளோன்கள் ஐந்தும் ஒரே ஐடியை வைத்திருந்தால் ரவுட்டருக்கு எல்லாம் ஒரே கணினிதான்.

ஈடிசியில் உள்ள மெஷின்-ஐடி கோப்பை நீக்கிவிட்டு சிஸ்டம்டி-மெஷின்-ஐடி-செட்டப் கட்டளையைச் சூடோவுடன் இயக்குங்கள். இங்கே பலர் சறுக்குவார்கள்: வார், லிப், டிபஸ் என்று போகும் அடைவிலும் ஒரு மெஷின்-ஐடி உண்டு. அது ஈடிசி கோப்பைச் சுட்டும் இணைப்பாக இருந்தால் கவலையில்லை. தனிக் கோப்பாக இருந்தால் கட்டளை அதிலிருந்தே பழைய ஐடியை எடுத்துக்கொள்ளும், நீங்கள் செய்தது வீண். அதையும் நீக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். முடிந்ததும் ரீபூட்.

எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழையும் வழி) சாவிகளும் எல்லாக் குளோன்களிலும் ஒன்றாகவே இருக்கும். ஒரு மெஷினின் தனிச்சாவி கசிந்தால் ஐந்துக்கும் ஆபத்து, இதைத் தள்ளிப்போடாதீர்கள். எஸ்எஸ்ஹெச்_ஹோஸ்ட் என்று தொடங்கும் சாவிக் கோப்புகளை அழித்து, டிபிகேஜி-ரீகான்ஃபிகர் மூலம் ஓபன்எஸ்எஸ்ஹெச்-சர்வரை மறுபடி அமைத்தால் புதியவை உருவாகும். இரண்டுக்கும் நடுவில் ரீபூட் செய்தால் எஸ்எஸ்ஹெச் எழும்பாது, கன்சோலில் போய்த்தான் சரிசெய்ய முடியும்.

செந்தூல்:
தம்பி, வரவேற்பு மேசையில் உபுண்டு டெஸ்க்டாப் இருந்தால் அதன் பெயரை மாற்றும் முன் குரோமை மூடிவிடுங்கள். அதன் புரொஃபைல் பூட்டில் கணினிப் பெயரும் பதிவாகும். திறந்திருக்கும்போது மாற்றினால், வேறொரு கணினி இந்தப் புரொஃபைலைப் பயன்படுத்துகிறது என்று சொல்லித் திறக்க மறுக்கும். அப்படி ஆகிவிட்டால் குரோம் எதுவும் ஓடவில்லை என்று உறுதிசெய்து, குரோமின் பயனர் தரவு அடைவில் உள்ள சிங்கிள்டன்லாக் இணைப்பை நீக்குங்கள்.

பெயரில் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கோடு வேண்டாம். தமிழில் பெயர் வேண்டுமென்றால் ஹோஸ்ட்நேம்சிடிஎல்லில் ப்ரிட்டி என்ற விருப்பம் இருக்கிறது, 'மாணவர் கணினி 3' என்றே எழுதலாம்.