புதுப்பிப்பு: டெல்டா சாலைக்குப் பழைய எர்டிகா டீசல்

பெரியவர்கள், பிள்ளைகள் என ஏழு பேர் போக 2012-இல் வந்த முதல் தலைமுறை மாருதி எர்டிகா டீசல் கார் சரிவருமா என்று முன்பு ஒரு பதிவில் கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன். அந்தப் பதிவில் கேள்வி கேட்டவர்களுக்கான பதில் இது.

1248 சிசி இன்ஜின், 90 குதிரைத்திறன். டார்க், அதாவது முறுக்குவிசை, 200 நியூட்டன் மீட்டர்; அது 1750 ஆர்பிஎம்-இல் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்று) கிடைக்கிறது. அதற்குக் கீழே டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்) தூங்குகிறது, இழுவை குறைவு. மன்னார்குடியிலிருந்து வேளாங்கண்ணி போகும்போது, வாய்க்கால் மதகுகளில் வண்டியை மெதுவாக்கி ஏற்றும் இடத்தில் இது நன்றாகவே தெரியும். இரண்டாவது கியருக்கு இறக்கினால் ஆள் நிறைந்திருந்தாலும், ஏசி ஓடினாலும் சிரமமில்லாமல் ஏறுகிறது. சமவெளியில் வேறு குறை எனக்குத் தெரியவில்லை.

இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும், குறித்த காலத்தில் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் பெல்ட்டுக்குப் பதில் இருப்பது செயின். ஆனால் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் செயினும் டர்போவும் தேயும்; பழைய வண்டி வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சர்வீஸ் பதிவுதான்.

மூன்றாவது வரிசையைப் போட்டால் பின்னால் 135 லிட்டர் இடம்தான். கல்யாணத்துக்குப் போனால் சீர்த்தட்டு மடியில்தான்.

அப்புறம் ஒன்று, அறுவடை நேரத்தில் சாலையில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். அது அடியில் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். அதன்மேல் ஓட்டியிருந்தால் உடனே ஓரம் கட்டி, குனிந்து பார்த்து எடுத்துவிடுங்கள்.