பால்வாடி நேரமும் பாசி நேரமும்

பாம்பன் பாசிக்காரி:
அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் எங்களுக்குக் கடலில் பாசி எடுக்கும் வேலை. மாதத்தில் பன்னிரண்டு நாள் கிடைத்தால் பெரிது. தண்ணீர் வற்றும் நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். பால்வாடி மூடும் நேரம் தள்ளிப்போகுமா? போன வாரம் கரையோரப் பாரில், அதான் கடலடிப் பாறைத் திட்டில், மரிக்கொழுந்துப் பாசி நன்றாகக் கிடந்தது. சாக்கு பாதி நிறையும்போதே கரையேறி, பிள்ளையைக் கூட்டப் பால்வாடிக்கு ஓடி வந்தேன், அப்படியும் தாமதம். டீச்சர் கையெழுத்துக்கு நோட்டை நீட்டினார். விரல்களில் சுற்றிய துணியை அவிழ்க்கவே இல்லை, பேனா பிடிபடவில்லை. கையிலிருந்து கடல் தண்ணீர் சொட்டி, மற்ற பிள்ளைகளின் பெயரெல்லாம் மை கலைந்துவிட்டது. டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மண்டபம் அக்கா:
தங்கச்சி, டீச்சரைத் தப்பாக நினைக்காதே. எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், செல்போனில் பதிய வேண்டும். அவருக்கும் வீட்டில் பிள்ளை உண்டு. உனக்காவது பால்வாடி இருக்கிறது. என் மகனுக்கு இரண்டு வயது ஆகவில்லை என்று சேர்க்கவில்லை. இறால் உரிக்கிற இடத்தில் காலி மீன் பெட்டிக்குள் உட்கார வைத்துக்கொண்டு உரித்தேன். எங்களுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. அவன் அழும்போதெல்லாம் காசு போகும்.

பாம்பன் பாசிக்காரி:
டீச்சரை நான் குறை சொல்லவே இல்லை அக்கா. நேரத்தைத்தான் சொல்கிறேன்.

தொண்டி அண்ணன்:
என் மனைவி கருவாட்டுக் களத்துக்குப் போனபோது அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொண்டார், அதனால் தப்பித்தோம். சரி, வழி சொல்கிறேன். 1975-இல் அங்கன்வாடித் திட்டம் வந்தது சத்துணவுக்கும் ஆரம்பக் கல்விக்கும். தாயின் வேலை நேரத்தை வைத்து அமைத்ததில்லை. வேலைக்குப் போகும் தாய்மாருக்கென்றே 'பால்னா' என்று மத்திய அரசின் காப்பகத் திட்டம் தனியாக இருக்கிறது, ஆறு மாதக் குழந்தையையும் அதில் சேர்க்கலாம். மண்டபம் அக்காவும் இதைக் கவனிக்க வேண்டும். இருபது தாய்மார் பெயர், பிள்ளைகளின் வயது, பாசிக்குப் போகும் நாட்கள் எல்லாம் எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள். அப்புறம் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகவே போடச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது.

பாம்பன் பாசிக்காரி:
போன கிராம சபை அன்று நாங்கள் எல்லோரும் கடலில் இருந்தோம் அண்ணே. இந்தத் தடவை மாமியாரிடம் மனுவைக் கொடுத்து அனுப்புகிறேன். மனுவின் தலைப்பில் என்ன எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.