மேல்தள வாடகை வீட்டில் வெக்கை: செலவு யார் தலையில்?

மேல்தளவாசி:
மொட்டை மாடிக்கு நேர்கீழே குடியிருக்கிறேன். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவில்தான் அதைக் கீழே இறக்குகிறது. பதினோரு மணிக்கு மின்விசிறியைப் போட்டால் அனல்தான் முகத்தில் அடிக்கிறது. மாடியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்துத் தாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏசி போட்டுக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லையே" என்றார். பெருந்தன்மைதான்! போட்டுக்கொண்டேன். தளம் அவருடையது, அதன் சூட்டை இறைத்துக் கொட்டும் மின்கட்டணம் என்னுடையது. நியாயமா?

இரண்டுவீட்டுக்காரர்:
நான் வீட்டை வாடகைக்கு விடும் எதிர்ப்பக்கத்து ஆள், திட்டு வாங்கத் தயார். மேல்தளம் என்று தெரிந்துதானே குடிவந்தீர்கள்? அந்தப் பூச்சும் ஒருமுறை அடித்தால் தீர்ந்தது என்பதில்லை. தூசி படிந்தால் கழுவ வேண்டும், சில வருடங்களில் மறுபடி அடிக்க வேண்டும். அப்புறம் ஏசி. முன்பிருந்த ஒருவர் என்னைக் கேட்காமலே சுவரைத் துளைத்து ஸ்பிளிட் ஏசி (ஒரு பெட்டி உள்ளே, ஒரு பெட்டி வெளியே) மாட்டினார். துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். அவர் ஆள் உள்பக்கம் சரித்துவிட்டான். ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவர் தண்ணீர் குடித்தது. காலி செய்தபோது ஏசி அவரோடு போனது, துளை எனக்கு மிஞ்சியது.

மேல்தளவாசி:
வீடு பார்க்க வந்தது குளிர்காலத்து மாலையில், ஐயா. அப்போது தளம் சாதுவாகத்தான் இருந்தது.

வயர்மேன்:
இருவரும் வயரை மறந்துவிட்டீர்கள். ஒன்றரை டன் ஏசி ஓடும்போது ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட் இழுக்கும். விசிறிக்கும் விளக்குக்கும் போட்ட மெல்லிய வயரில் அதைச் செருகினால் பிளக் உருகும், நிறையப் பார்த்தாயிற்று. தனி லைன், தனி எம்சிபி (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த் வேண்டும். இவற்றைக் காலி செய்யும்போது உருவிக்கொண்டு போக முடியாது, அதனால் வீட்டுக்காரர் செலவு. ஃபில்டர் கழுவுவது குடியிருப்பவர் வேலை. இன்னொன்று: "வருடா வருடம் கேஸ் நிரப்பணும்" என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். அது மூடிய சுற்று. குறைகிறதென்றால் கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்புவது காசுக்கும் கேடு, காற்றுக்கும் கேடு. இப்போது ஏசிகளில் பரவலாக வரும் ஆர்32 என்ற குளிரூட்டும் வாயுவே, நூறு வருடக் கணக்கில் பார்த்தால், அதே எடை கரியமில வாயுவைப்போல 675 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

குளிர்தேசத்தான்:
எங்களுக்கு எல்லாம் தலைகீழ். குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒற்றைக் கண்ணாடி ஜன்னலை வைத்துக்கொண்டு எப்படி? காற்று வராமல் இடுக்கையெல்லாம் அடைத்தேன். மூலையில் பூஞ்சணம் வந்தது. "துணியை உள்ளே உலர்த்துகிறீர்கள்" என்றார் வீட்டுக்காரர். பாதி உண்மை. ஆனால் ஈரம் வந்து படிவது சில்லிட்ட சுவரில்தானே? சுவர் சில்லிடுவது என் குற்றமா?

இரண்டுவீட்டுக்காரர்:
சரி, வயர் என் பொறுப்பு, ஒத்துக்கொள்கிறேன். பூச்சையும் நான் அடித்தால் வாடகை ஏறும், சொல்லிவிட்டேன்.

மேல்தளவாசி:
ஏறும் வாடகை மின்கட்டணத்தில் மிச்சமாவதைவிடக் குறைவு என்றால் இன்றே சரி. ஏசியை ஒரு டிகிரி கூட்டிவைத்தாலே சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறார்கள். இங்கே 24-இல் வைத்தும் கம்ப்ரசர் விடியும்வரை நிற்பதில்லை, எங்கிருந்து கூட்டுவது? வேறு வழி சொல்கிறேன்: பூச்சை நானே வாங்கி அடிக்கிறேன், வாடகையில் கழித்துக்கொள்ளலாமா?

இரண்டுவீட்டுக்காரர்:
என் குடித்தனக்காரர் கேட்டால் கழிப்பேன். ரசீது வேண்டும், முன்கூட்டியே எழுத்தில் வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் மனசு எனக்குத் தெரியாது.

வயர்மேன்:
அடிப்பதற்கு முன் தளத்தில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். விரிசலை அடைக்காமல் மேலே வெள்ளை அடித்தால் அடுத்த மழையில் இதே இடத்தில் இன்னொரு சண்டை தொடங்கும்.