பொருள்: எழுத்து, ஓவியம், நிழற்படம் மூன்றுக்கும் ஒரு சொல் – 'வைப்பு'?

அன்பின் நண்பர்களுக்கு,

எதை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கிற 'கொம்பொசிஷன்' (composition) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று வந்த பரிந்துரைகளை வாசித்தேன். பிள்ளைகளுக்கான எங்கள் பட்டறையின் கையேடு அச்சுக்குப் போகவேண்டியிருப்பதால் என் பங்குக்கு எழுதுகிறேன்.

> 'அமைப்பு' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

அமைப்பு என்றதும் எங்கள் ஊரில் தலைவரும் செயலாளரும் பெயர்ப்பலகையும்தான் கண்முன் வருவார்கள். அதோடு, அது முடிந்துபோன நிலையைச் சொல்லுகிற சொல். நாங்கள் பிள்ளைகளுக்குப் பழக்க நினைப்பது ஒரு செய்கையை.

> யாப்பு? கட்டுவதுதானே பொருள்.

பொருள் சரி. ஆனால் இலங்கையில் யாப்பு என்றால் அரசியல் யாப்பு, அதாவது நாட்டின் அரசியலமைப்பு, இல்லாவிட்டால் சனசமூக நிலையத்து விதிகளான யாப்பு. "உன்ரை படத்தின்ரை யாப்பைத் திருத்து" என்று சொன்னால் பிள்ளை பொதுக்கூட்டம் கூட்டப் போய்விடும். 'கட்டுரை' என்ற சொல்லைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது, 'தொகுப்பு' என்ற சொல்லைப் பதிப்பாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவற்றை விட்டுவிடுவோம்.

என் பரிந்துரை 'வைப்பு'. நன்னூல் பாயிரம் நூலுக்கு அழகு பத்து என்று சொல்லுகிற இடத்தில் ஏழாவதாக 'முறையின் வைப்பு' வருகிறது. ஆறுமுக நாவலர் நன்னூலுக்கு எழுதிய காண்டிகையுரை வழியாக இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக்கிய சூத்திரம் அது. இலத்தீன் மூலத்தைப் பார்த்தாலும் 'கொம்போனெரே' என்பது சேர்த்து வைத்தல்தான்.

> எழுத்துக்கான சொல்லை ஓவியத்துக்கு இழுக்கலாமா?

ஐரோப்பாவிலும் அப்படி இழுத்ததுதான். 1435இல் ஓவியம் பற்றி எழுதிய இத்தாலிய அறிஞர் அல்பேர்ட்டி, பரப்புகள் சேர்ந்து உறுப்பு, உறுப்புகள் சேர்ந்து உடல், உடல்கள் சேர்ந்து படம் என்று படி கட்டினார். சொல், தொடர், வாக்கியம் என்று இலக்கணக்காரர் கட்டிய படியின் சாயல் அதில் தெரிகிறது. கமராக்காரர் தங்களுடையதென்று நினைக்கிற மூன்றில் ஒரு பங்கு விதியும் (படத்தை மூன்று பங்காகப் பிரித்து, முக்கியமானதைப் பிரிகோட்டில் வைப்பது) ஓவியத்திலிருந்து வந்ததே. ஆங்கில ஓவியர் ஜோன் தோமஸ் சிமித் அதை எழுதியது 1797இல். நிழற்படம் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான்.

> மூன்றிலும் நடப்பது ஒன்றல்லவே. ஒரே சொல் தாங்குமா?

இதுதான் நல்ல கேள்வி. யாழ்ப்பாணத்தில் கடலோரமாகப் போகிற பண்ணை வீதியோரத்தில் நின்று தூண்டில் போடுகிறவரை ஒரு பிள்ளை படம் எடுக்கிறது என்று வையுங்கள். அவருடைய தலையில் மின்கம்பம் முளைத்திருக்கிறது. அடிவானம் கழுத்தடியால் ஓடுகிறது. ஓவியர் என்றால் கம்பத்தை வரையாமல் விட்டுவிடுவார், பாடு முடிந்தது. இந்தப் பிள்ளை இரண்டடி பக்கவாட்டில் நகரவேண்டும். கமராவை இடுப்பளவுக்கு இறக்கினால் அடிவானமும் அவருடைய இடுப்புக்கு இறங்கும், ஏனென்றால் அது எப்போதும் கமராவின் உயரத்திலேயே நிற்கும். தலை வானத்தில் தனியே தெரியும். ஆக, ஓவியர் பொருட்களை வைக்கிறார், நிழற்படக்காரர் தன்னை வைக்கிறார். சட்டகத்துக்குள் எது எங்கே என்ற தீர்மானம் இருவருக்கும் பொது.

எழுத்தில் சட்டகம் இல்லை, வரிசை இருக்கிறது. இரண்டு வரிகளைப் பாருங்கள்:

"வீடு இல்லை. மதில் இருக்கிறது, கேற் இருக்கிறது."

"மதில் இருக்கிறது, கேற் இருக்கிறது. வீடு இல்லை."

செய்தி ஒன்றுதான். முதலாவது, காணி அளக்க வந்தவர் எழுதிய குறிப்பு மாதிரி இருக்கிறது. இரண்டாவதில் வாசிக்கிறவர் கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே போய்விடுகிறார், அதற்குப் பிறகுதான் வெறுங்காணி. ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இதை வைப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

> வைப்பு என்றால் வங்கியில் போடுவதல்லவா? தமிழ்நாட்டில் இன்னொரு பொருளும் உண்டு…

இரண்டும் தெரியும். நிலையான வைப்பால் பிரச்சினை வராது, சித்திர வகுப்பில் வட்டி வீதம் கேட்க ஆளில்லை. மற்றப் பொருள்தான் சிரிப்பை வரவழைக்கும், பதின்ம வயதுப் பிள்ளைகள் வேறு. அதனால் தனித்து நிற்கவிடாமல் படவைப்பு, சொல்வைப்பு என்று கூட்டியே எழுதுவோம். பொதுப்பெயர் வேண்டிய இடத்தில் 'வைப்புமுறை'. குறளின் அதிகார வைப்புமுறை என்று பேசிப் பழகிய சொல்தான். எனக்கென்னவோ 'முறை' என்றதும் வரிசையில் நிற்கிற வாடை அடிக்கிறது, படத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. அதற்காகச் சண்டை பிடிக்கமாட்டேன்.

இசையிலும் கொம்பொசிஷன் உண்டு, ஆனால் இசைக்காரர்கள் 'இசையமைப்பு' என்ற சொல்லை விட்டுத்தரமாட்டார்கள். கேட்கவும் வேண்டாம்.

எடுத்த படத்தின் ஓரத்தை நறுக்குவதற்கு ஒருவர் எழுதிய 'கத்தரிப்பு' எனக்குச் சம்மதம். உருவத்தைச் சுற்றி வேண்டுமென்றே சும்மா விடுகிற இடத்துக்குத்தான் இன்னும் சொல் சரிவரவில்லை. 'வெற்றிடம்' விஞ்ஞான பாடத்தில் காற்றில்லாத இடமாகிவிட்டது. வைப்புக்கு இணையாக 'விடுவெளி' என்று போட்டுப் பார்த்தேன். சித்திர ஆசிரியர்கள் யாராவது வகுப்பில் ஒருமுறை சொல்லிப்பார்த்து, பிள்ளைகளின் வாயில் நிற்கிறதா என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் கையேட்டில் சேர்த்துவிடலாம்.