ஜேடேக் அடாப்டர் இரண்டாவது தடவை ரீசெட் ஆகமாட்டேங்குது

சிப்புட்_சால்டரிங்:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலைகளுக்கு லோரி நிறுக்கும் எடைமேடை போர்டுகளைப் பழுது பார்க்கிறேன். போர்டில் உள்ள சிப்போடு ஜேடேக் (சிப்பைச் சோதிக்க உதவும் இணைப்பு) வழியாகப் பேச எஃப்டி2232எச் யூஎஸ்பி அடாப்டர், லிப்எஃப்டிடிஐ லைப்ரரி வைத்து பைத்தானில் நானே எழுதிய டிரைவர். முதல் தடவை ஐடிகோட் (சிப்பின் அடையாள எண்) ஒழுங்காக வருகிறது. பாதியில் கண்ட்ரோல்-சி அடித்துவிட்டு மறுபடி ஓட்டினால் சில நேரம் வரும், பல நேரம் குப்பை. யூஎஸ்பியைப் பிடுங்கிச் சொருகினால் சரியாகிவிடுகிறது. தொடக்கத்திலேயே டிஎம்எஸ்ஸை (ஜேடேக்கின் நிலையை மாற்றும் பின்) 1-ல் வைத்து 5 கிளாக் கொடுக்கத்தான் செய்கிறேன், போர்டு சிப்பின் ஜேடேக் பகுதியான டேப் எந்த நிலையில் இருந்தாலும் ரீசெட் ஆக அதுவே போதுமே?

ஈப்போ_அண்ணன்:
கேபிளை மாற்றிப் பாருங்க தம்பி. ஆலைக்குள் மோட்டார் ஓடும் இடத்தில் நீள வயர் போட்டால் இப்படித்தான். டிசிகே (ஜேடேக் கிளாக்) வேகத்தையும் குறைங்க.

நள்ளிரவு_கோடர்:
கேபிளாக இருந்தால் முதல் தடவையே தகராறு பண்ணும் அண்ணே. பிடுங்கிச் சொருகினால் சரியாகிறது என்கிறார், அப்படியென்றால் கோளாறு போர்டில் இல்லை, அடாப்டர் சிப்பின் எம்பிஎஸ்எஸ்இ பகுதியில் (யூஎஸ்பியில் வரும் கட்டளைகளை ஜேடேக் சிக்னலாக மாற்றுவது அதுதான்).

அதில் ஒரே கட்டளையில் 65,536 பைட் வரை அனுப்பலாம். நீளத்தைச் சொல்லிவிட்டுப் பாதி டேட்டாவில் புரோகிராம் செத்தால், சிப் மீதிக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் அடுத்து அனுப்பும் 75, 4, 31 என்ற மூன்று பைட், அதாவது அந்த 5 கிளாக் கட்டளை, வெறும் டேட்டாவாக விழுங்கப்படும். டிஎம்எஸ் 1-ல் இருக்கும் அந்த 5 கிளாக் டேப் பக்கம் போகவே போகாது. உங்கள் டிரைவரோ ரீசெட் ஆகிவிட்டது என்று நம்பிக்கொண்டு மேலே போகும்.

முதலில் பிட்மோட் 0 (அடாப்டரை ரீசெட் பண்ணும்), அனுப்பும், வாங்கும் இரண்டு பஃபரையும் காலி பண்ணுங்கள், அப்புறம் பிட்மோட் 2 (எம்பிஎஸ்எஸ்இ-யை மறுபடி இயக்கும்). பிறகு 170 என்ற தப்பான கட்டளையை வேண்டுமென்றே அனுப்புங்கள். 250, 170 என்று பதில் வந்தால்தான் சிப் உங்களோடு பேசுகிறது. அதற்குப் பிறகுதான் டிஎம்எஸ். சும்மா ஸ்லீப் போட்டு மழுப்புவது எனக்குப் பிடிக்காது, பதிலைப் பார்த்துச் சரிபாருங்கள்.

சிப்புட்_சால்டரிங்:
வந்துவிட்டது! எத்தனை முறை கொன்றாலும் எழுந்துகொள்கிறது. ஒரே ஒரு பழைய போர்டு மட்டும், எஸ்ஆர்எஸ்டி-யை (போர்டை ரீசெட் பண்ணும் லைன்) விட்டவுடனே படித்தால் சிப் ஹால்ட் ஆவதில்லை (ஓடுவதை நிறுத்துவதில்லை).

ஈப்போ_அண்ணன்:
ரீசெட் பின்னில் கெப்பாசிட்டர் இருக்கா பாருங்க. 10 கிலோஓம் புல்-அப், 100 நானோஃபேரட் என்றால் காலமாறிலியே 1 மில்லிசெகண்ட், மின்னழுத்தம் மெதுவாகத்தான் ஏறும். விட்ட பிறகு 10 மில்லிசெகண்ட் பொறுத்துப் படிங்க.

நள்ளிரவு_கோடர்:
இது சரி. இந்த இடத்தில் ஸ்லீப் போடலாம் 😄