விலாசம் இரண்டாய் உடைந்தால் சைட்டேஷனும் உடையும்: ஆய்வாளர் கணக்கைச் சரிபார்ப்பவர்களின் பகிர்வு

காரைக்குடி, நூலகப் பிரிவு:
பயோமெடிக்கல் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைகளையும், அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டிய சைட்டேஷனையும் கணக்கெடுக்கும்போது நம்ம பக்கம் முதலில் இடறுவது விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் போடும் இனிஷியல். 'எஸ்பி. ஆர்எம். மெய்யப்பன்' என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பப்மெட் (மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளம்) பெயருக்குப் பின்னால் இரண்டு இனிஷியல் எழுத்துக்கு மேல் ஏற்காது. ஒரு இதழ் 'மெய்யப்பன் எஸ்பி' என்று அனுப்பும், அடுத்தது 'மெய்யப்பன் எஸ்', இன்னொன்று 'மெய்யப்பன் ஆர்எம்'. ஒரே ஆள், மூன்று பதிவு. இனிஷியலை விரித்து 'மெய்யப்பன் சுப்பிரமணியன்' என்று போட்டால் இன்னும் மோசம்: கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர் என்று கணினி எடுத்துக்கொள்ளும், கட்டுரை அப்பச்சி (அப்பா) பேரில் ஏறிவிடும்.

எனவே எல்லா வடிவங்களையும் ஆசிரியர் புலத்தில் 'அல்லது' போட்டு இணைத்து, ஊர்ப்பெயரை நிறுவனப் புலத்தில் சேர்த்துத் தேடுங்க. காரைக்குடியை ஆங்கிலத்தில் ஒரு 'கே', இரண்டு 'கே' என இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள், இரண்டையும் போடணும். இப்படித் தேடியும் பழைய கட்டுரைகள் விடுபடும். 2014க்கு முந்தைய பப்மெட் பதிவுகளில் பெரும்பாலும் முதல் ஆசிரியரின் முகவரி மட்டுமே இருக்கும். நம்மவர் நான்காவது ஆசிரியர் என்றால் ஊரை வைத்துத் தேடிக் கிடைக்க மாட்டார்.

தேவகோட்டை:
அண்ணே, பெண் ஆய்வாளர்களுக்கு இதோடு கல்யாணமும் சேரும். அப்பா இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் வந்ததும் ஸ்கோபஸ் என்ற சைட்டேஷன் தரவுத்தளத்தில் இரண்டு ஆசிரியர் எண் உருவாகி, பழைய சைட்டேஷன் தனியே நின்றுவிடும். ஸ்கோபஸின் ஆசிரியர் திருத்தப் பக்கத்தில் இரண்டு எண்ணையும் தேர்ந்தெடுத்து, எந்தப் பெயர் நிற்கணும் என்று குறித்து, கட்டுரைகளை ஒவ்வொன்றாக 'என்னுடையது' என ஒப்புக்கொண்டு அனுப்பணும். அப்படியே ஆர்சிட் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) கணக்கில் 'வேறு பெயர்கள்' பகுதியில் பழைய வடிவங்களையும் எழுதிவையுங்க. ஆர்சிட் எண் 16 இடம். கடைசியில் 'எக்ஸ்' வந்தால் பதறவேண்டாம், அது சரிபார்ப்புக் குறி.

கூகுள் ஸ்காலரில் சிக்கல் நேர் எதிர். ஐயா பேரையே பேரன்மாருக்கெல்லாம் வைக்கும் ஊரில் பங்காளி எழுதிய கட்டுரையும் நம்ம கணக்கில் வந்து உட்காரும். தானாகச் சேர்ப்பதை நிறுத்தி, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி அமைப்பை மாற்றுங்க.

பள்ளத்தூர்:
எச்-இண்டெக்ஸைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் புரியும். எச் கட்டுரைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது எச் சைட்டேஷன் இருக்கணும்; அப்படி வரும் மிகப்பெரிய எண்தான் எச். ஏழு கட்டுரைகளின் சைட்டேஷன் 42, 30, 17, 9, 6, 5, 3 என்று இறங்குவரிசையில் இருக்கட்டும். ஐந்தாவதுக்கு 6, தேறிவிட்டது. ஆறாவதுக்கு 5தான், தேறவில்லை. எச் = 5. ஆறாவதுக்கு ஒரே ஒரு சைட்டேஷன் கூடினால் எச் 6 ஆகும். முதல் கட்டுரை 42லிருந்து 4,200க்குப் போனாலும் எச் அசையாது. 2005ல் இயற்பியலாளர் ஹிர்ஷ் இதை முன்வைத்தபோது அவர் மனதில் இருந்தது இயற்பியலாளர்கள். பயோமெடிக்கலில் முப்பது பேர் சேர்ந்து எழுதும் கட்டுரை சாதாரணம். முப்பது பேருக்கும் எச்-இண்டெக்ஸில் முழுப் பங்கு. யார் முதல், யார் கடைசி என்பதைத் தனியாகப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போவது வீண்வேலை.

ஒரே ஆளுக்கு ஸ்காலரில் 18, ஸ்கோபஸில் 13 என்று வருவது தப்பில்லை. ஸ்காலர் ஆய்வேடு, இதழில் வருமுன் வெளியிட்ட முன்வரைவு எல்லாவற்றையும் எண்ணும். எந்தத் தளம், எந்தத் தேதி என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிடுங்க.

சைட்டேஷன் அதிகம் என்றால் பெரிய கண்டுபிடிப்பு என்றும் இல்லை. லவ்ரி குழுவின் 1951 கட்டுரைக்கு மூன்று லட்சத்துக்கு மேல் சைட்டேஷன். புரத அளவைக் காணும் செய்முறை, அவ்வளவுதான்.

கானாடுகாத்தான்:
'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி' என்று ஃபிளெக்ஸ் வைப்பதற்கு முன் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்க. ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவில் போடும் கணக்கு அது, பல்கலைக்கழகம் கொடுக்கும் விருது அல்ல. இரண்டு அட்டவணை உண்டு: வாழ்நாள் கணக்கு ஒன்று, ஒரே ஆண்டுக் கணக்கு ஒன்று. ஃபிளெக்ஸில் எது என்று சொல்ல மாட்டார்கள். தன்னைத்தானே மேற்கோள் காட்டிய சதவீதத்துக்கு அதிலேயே ஒரு பத்தி இருக்கு; நான் முதலில் பார்ப்பது அதைத்தான். 2024 பதிப்பிலிருந்து திரும்பப் பெற்ற கட்டுரை எண்ணிக்கையும் இருக்கு.

காரைக்குடி, நூலகப் பிரிவு:
இம்பேக்ட் ஃபேக்டர் (ஒரு கட்டுரைக்குச் சராசரி சைட்டேஷன்) இதழுக்கு உரியது, ஆளுக்கு அல்ல. 2022, 2023ல் ஓர் இதழ் 250 கட்டுரை போட்டு, அவற்றுக்கு 2024ல் 800 சைட்டேஷன் வந்தால் 3.2. தன்விவரக் குறிப்பில் இருபது இதழின் எண்ணைக் கூட்டி 'மொத்த இம்பேக்ட் 64' என்று எழுதுவதற்குப் பொருளே கிடையாது.

போலியைப் பிடிக்க ஒரு வழி: இந்த எண்ணை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் 2022ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து ஒரு தசம இடம்தான் தருகிறது. 2023க்கு '6.217' என்று இதழின் முகப்பில் இருந்தால் அது வேறு யாரோ விற்ற எண். 'பப்மெட்டில் உள்ளது' என்பதையும் அப்படியே நம்பவேண்டாம். நிதியுதவி விதிப்படி பிஎம்சி என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியத்தில் ஏற்றிய தனிக்கட்டுரையும் பப்மெட்டில் தெரியும். இதழ் மெட்லைனில் (தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பு) இருக்கிறதா என்பதை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் (என்எல்எம்) கேட்டலாகில் பார்க்கணும். யுஜிசி ஏற்ற இதழ்களின் 'கேர்' பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதால், அதைக் காட்டி இப்போது யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீங்க.