பொருள்: நூலகக் கையேட்டில் ‘மல்டிபிளேயர் கேம்’ – தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.
பொது நூலகங்கள் பதின்பருவத்தினரை இணைய ஆட்டங்கள் வழியாக ஒன்றுசேர்ப்பது பற்றிய கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘பலர் சேர்ந்து ஆடும் இணையவழி விளையாட்டு’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுத முடியவில்லை. ‘பல்லாட்டம்’ எனலாமா?

———
வேண்டாம் ஐயா. பல் ஆடுவதாகத்தான் பிள்ளைகள் படிப்பார்கள்.

———
பல்லாண்டு, பல்லாயிரம் என்னும்போது யாருக்கும் பல் நினைவுக்கு வருவதில்லையே! புணர்ச்சி சரிதான். ஆனால் பழஞ்சொல் இருக்கப் புதுச்சொல் எதற்கு? ‘கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு’ என்கிறது தொல்காப்பிய உரியியல். பண்ணைக்கு மகளிர் கூட்டம் என்ற பொருளும் உண்டு. கூட்டமும் ஆட்டமும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. சங்கப் பாடல்களில் மகளிர் ஆயத்தோடு, அதாவது தோழியர் கூட்டத்தோடு, ஆடும் ‘ஓரை’ என்ற விளையாட்டும் இருக்கிறது. அதைத் தொட்டால், நேரத்தைக் குறிக்கும் ‘ஓரை’ கிரேக்கச் சொல்லா இல்லையா என்ற பழைய வழக்கு கிளம்பும். ஆகவே ‘இணையப்பண்ணை’.

———
இன்றைக்குப் பண்ணை என்றால் கோழிப்பண்ணைதான், ஐயா. நூலகராகச் சொல்கிறேன். மைன்கிராஃப்ட் போன்ற ஆட்டத்துக்கு நூலகமே ஒரு வழங்கியை (சர்வர்) நடத்தலாம். உறுப்பினர்களை மட்டும் அனுமதித்து, நூலகர் ஒருவர் கவனித்துக்கொள்வார். நேரில் பேசத் தயங்கும் பிள்ளைகூட மற்றவர்களோடு சேர்ந்து அங்கே ஓர் ஊரையே கட்டும். பெற்றோருக்குப் போகும் அனுமதிக் கடிதத்தில் இது படித்தவுடன் விளங்க வேண்டும். ‘கூட்டாட்டம்’ போதும்.

———
கூட்டு என்றால் ஒரே அணி என்றாகிவிடாதா? அமெரிக்க நூலகச் சங்கம் 2008இல் தொடங்கிய விளையாட்டு நாளில் போட்டிகளும் இருந்தன. இணையத்தில் இருவர் சதுரங்கம் ஆடினால் அது கூட்டாட்டமா?

———
எதிராளியும் கூடினால்தானே ஆட்டம்! எனக்குக் கூட்டாட்டம் சம்மதம். அப்புறம், ‘கேமர்’ என்பதற்கும் சொல் வேண்டும். நூலகத்துக்கு வந்து ஆடுபவரை ‘வாசகர்’ என்றே எழுதலாமா?

———
அதைத் தனி இழையில் பேசுவோம், அம்மா. இதுவரை கூட்டாட்டத்துக்கு ஐவர், பண்ணைக்கு இருவர், மல்டிபிளேயரே இருக்கட்டும் என்று மூவர். நாள் இல்லாததால் ‘இணையக் கூட்டாட்டம்’ என்றே எழுதுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ‘மல்டிபிளேயர்’ என்று சேர்க்கிறேன்.

———
அடைப்புக்குறி தேவைப்படுகிறது என்றால், கூட்டாட்டமும் தானாக விளங்கவில்லை என்றுதானே பொருள்? பிறகு பண்ணையை மட்டும் விளங்காது என்று தள்ளியது என்ன நியாயம்? என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். பின்னிணைப்புச் சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகவாவது அது இடம்பெற வேண்டும். கெடவரல் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.